சிதறலும் நீதியும்

சராசரி என்னும் சொல்லை அறியாதார் இன்று இலர். மழைக்குச் சராசரி, விளைவுக்குச் சராசரி, பரீட்சைப் புள்ளிக்குச் சராசரி என்று நாளாந்த வாழ்வில் அது வழங்காத இடமில்லை. ஆயின், சராசரியுடன் கூடப் பிறந்த வேறொன்று உண்டு. அதனைச் சிதறல் எனலாம். ஒரு வகுப்பில் 10 மாணவரும் 50 புள்ளி வீதம் பெற்றால் சராசரி 50. மற்றொரு வகுப்பில் ஐவர் 100 புள்ளியும் ஐவர் பூச்சியமும் பெற்றாலும் சராசரி அதே 50 தான். இவ்விரு வகுப்பையும் ஒரே தன்மையின என்று எந்த ஆசிரியராவது கூறுவாரா? கூறார். முதல் வகுப்புக்கு ஒரே பாடத்தை ஒரே முறையிற் கற்பிக்கலாம். இரண்டாம் வகுப்பிலோ ஒரு பாதிக்கு அரிச்சுவடியும் மறுபாதிக்கு அரும்பொருளும் வேண்டும். சராசரி மறைத்த உண்மையைச் சிதறல் காட்டிவிடுகின்றது.

கூட்டத்துக்குக் கூட்டம் சராசரி வேறுபடும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். சிதறலும் அங்ஙனம் வேறுபடுமோ என்று வினவுவார் சிலரே. வேறுபடுமாயின், எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்து தீர்ப்புக் கூறுவது எங்ஙனம் நீதியாகும்? இந்த வினாவை அறிஞர் உலகம் கண்டுகொண்டு, கணக்கில் ஏற்றி, விடை காண்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் சென்றன. அந்தச் சரித்திரம் வானநூலிலே தொடங்கிக் கழனியிலும் மாட்டுத் தொழுவத்திலும் வளர்ந்து சிறுவரின் பல்வைத்தியசாலையிலே முதிர்ச்சி பெற்ற கதையாகும்.

1796ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிறீனிச் வானநோக்கு நிலையத்திலே நெவில் மஸ்கெலின் என்பார் அரச வானநூலாராக விளங்கினார். அவரிடம் டேவிட் கின்னபுறூக் என்னும் இளைஞர் உதவியாளராகப் பணிபுரிந்தார். தொலைகாட்டியின் நடுவிலே கட்டப்பட்ட மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தைக் குறித்தல் அவருடைய வேலை. கண் விண்மீனை நோக்கியிருக்கும். காது மணிக்கூட்டின் ஓசையை எண்ணிக்கொண்டிருக்கும். ஓர் ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் இடையில் விண்மீன் எங்கே நின்றது என்பதை மனத்தால் அளந்து, ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு வரை நேரத்தை எழுதவேண்டும். மஸ்கெலின் குறித்த நேரத்துக்கும் கின்னபுறூக் குறித்த நேரத்துக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டது. முதலில் அரைச் செக்கனாக இருந்த வேறுபாடு பின்னர் 0.8 செக்கனாக வளர்ந்தது. இளைஞர் கவனம் குன்றியவர் என்று தலைவர் தீர்மானித்தார். உதவியாளர் வேலையை இழந்தார்.

கின்னபுறூக் குற்றம் ஏதும் செய்தாரா? அவர் சோம்பியிருந்தார் என்பதற்குச் சான்றில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகளின் பின் இச்செய்தியைப் படித்த ஜேர்மானிய வானநூலார் பெசல், இது கவனக்குறைவன்று, மனிதருக்கு மனிதர் இயல்பாக அமைந்த வேற்றுமையே என்று ஐயுற்றார். 1820ஆம் ஆண்டு தொடக்கம் அவர் தம்மையும் பிற வானநூலாரையும் ஒப்பிட்டு நோக்கினார். புகழ்பெற்ற அறிஞரிடையேயும் ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு தோன்றிற்று! ஒவ்வொரு நோக்குநருக்கும் அவரவர்க்கே உரிய விலகல் ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. உண்மை தெளிவானபோது கின்னபுறூக் உயிருடன் இல்லை. சிதறல் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாமையால் ஒரு மனிதருக்கு இழைக்கப்படக்கூடிய அநீதிக்கு இது பழையதோர் எடுத்துக்காட்டு.

அக்காலத்தில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றிய கணித முறை உருவாகிக்கொண்டிருந்தது. 1805இல் பிரான்சியராகிய லெஜாந்தர் இழிவு வர்க்க முறையை வெளியிட்டார். 1809இல் ஜேர்மானியராகிய கவுஸ் அம்முறைக்கு நிகழ்தகவின் அடிப்படையை அமைத்தார். பல அளவீடுகளிலிருந்து ஒரு சிறந்த மதிப்பை எடுப்பதற்கு இம்முறை வழிகாட்டியது. ஆயின், அதன் எளிய வடிவத்திலே ஓர் எடுகோள் இருந்தது. அளவீடுகள் யாவும் ஒன்றையொன்று சாராதன. யாவும் ஒரே அளவு சிதறலுடையன என்பதே அது. ஒரே இரவில் ஒரே மனிதர் எடுத்த பத்து அளவீடுகளும், பத்து இரவுகளில் பதின்மர் எடுத்த பத்து அளவீடுகளும் இந்த எடுகோளின் முன்னே ஒன்றாகிவிடும்.

இந்தக் குறையை முதலிற் கணக்கிற் கொண்டுவந்தவரும் கிறீனிச் நிலையத் தலைவர் ஒருவரே. ஜோர்ஜ் எயரி என்பார் 1861ஆம் ஆண்டு அளவீட்டுப் பிழைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வோர் இரவிலும் பல தடவை ஒரு தோற்றப்பாட்டை நோக்கினால், அந்த இரவுக்கே பொதுவான ஒரு பிழை எல்லா அளவீடுகளிலும் கலந்திருக்கும். அதற்கு மேலாக ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனிப்பிழை ஒன்றும் இருக்கும் என்று அவர் பிரித்துக் காட்டினார். மொத்தச் சிதறல் ஒன்றன்று, இரண்டு ஊற்றுக்களிலிருந்து வருகின்றது என்பதே இதன் பொருள். ஓர் இரவில் நூறு தடவை நோக்கினாலும் அந்த இரவின் பொதுப்பிழை குறையாது. பல இரவுகளில் நோக்கினாலே அது தணியும். பின்வந்த புள்ளிவிபரவியலார் கலப்பு மாதிரியுரு என்று வழங்கும் பெரிய மரத்துக்கு இதுவே வித்து.

வித்து முளைப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. றொனால்ட் பிஷர் என்னும் ஆங்கில அறிஞர் 1918இல் எடின்பரோ அரச சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். உறவினரிடையே உயரம் முதலிய இயல்புகள் ஒத்திருப்பதை மெண்டலின் பரம்பரை விதிகளால் விளக்குதல் அதன் நோக்கம். நியம விலகலின் வர்க்கத்தை ஒரு தனி அளவாகக் கொண்டு, இலங்கைப் பாடநூல்களில் மாறற்றிறன் என வழங்கும் பெயருக்கு மூலமான ஆங்கிலப் பெயரை அவர் அங்கே வழங்கினார். இந்த அளவின் சிறப்பு யாது? சிதறலுக்கு வெவ்வேறு காரணங்கள் தனித்தனியே இயங்குமாயின், அவற்றின் மாறற்றிறன்களைக் கூட்டினால் மொத்த மாறற்றிறன் கிடைக்கும். ஆகவே மொத்தத்தைப் பங்கு பிரித்து, இவ்வளவு பரம்பரையால், இவ்வளவு பிறவற்றால் என்று கூற இயலும்.

1919இல் பிஷர் இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். 1843இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்திலே பல ஆண்டுகளின் விளைச்சற் கணக்குகள் குவிந்து கிடந்தன. எந்தப் பசளை நன்று, எந்த இனம் நன்று என்று அறிய வேண்டுமாயின், நிலத்துக்கு நிலம் இயற்கையாக உள்ள வேற்றுமையைப் பிரித்தெடுத்தல் வேண்டும். இதற்காக அவர் வகுத்த மாறற்றிறன் பகுப்பாய்வு 1925இல் அவர் வெளியிட்ட நூலின் மூலம் உலகெங்கும் பரவியது. கமக்காரரின் கழனியிலிருந்து பிறந்த இம்முறை பின்னர் வைத்தியம், கல்வி, கைத்தொழில் ஆகிய துறைகள் அனைத்திலும் புகுந்தது. ஆயின், அதன் அடியிலும் பழைய எடுகோள் ஒன்று அமைதியாகக் கிடந்தது. ஒப்பிடப்படும் கூட்டங்களின் சராசரிகள் வேறுபடலாம். உட்சிதறல் மட்டும் எல்லாக் கூட்டத்திலும் ஒன்றே என்பதாம்.

இந்த எடுகோள் பொய்த்தால் என் செய்வது? 1929இல் பேரென்ஸ் என்னும் ஜேர்மானிய விவசாய ஆராய்ச்சியாளர் இவ்வினாவை நேராக எழுப்பினார். சிதறல் வெவ்வேறான இரு கூட்டங்களின் சராசரிகளை எங்ஙனம் ஒப்பிடுவது? கேட்பதற்கு எளிய இவ்வினா பெரும் பிணக்குக்கு வித்திட்டது. 1935இல் பிஷர் அதனை எடுத்துத் தம் முறையில் விடை கூறினார். மற்றையோர் அவ்விடையை ஒப்பவில்லை. இன்றும் அது பேரென்ஸ் - பிஷர் பிரச்சினை என்றே வழங்குகின்றது. 1938இலும் 1947இலும் வெல்ச் என்பார் நடைமுறைக்கு உகந்த ஒரு வழியைக் காட்டினார். 1937இல் பாட்லெற் என்பார், கூட்டங்களின் சிதறல் சமமா அன்றா என்று சோதிக்கும் முறையொன்றை அமைத்தார். ஆயின் அச்சோதனை, தரவுகள் மணி வடிவான செவ்வன் பரம்பலைச் சற்றே விலகினாலும் தவறாக எச்சரிக்கும் என்று 1953இல் ஜோர்ஜ் பொக்ஸ் காட்டினார். பெருங்கப்பல் புறப்படத்தக்க அமைதி கடலில் உண்டோ என்று அறிவதற்குச் சிறு தோணியை அனுப்புவது போன்றது அச்சோதனை என்று அவர் நகையாடினார்.

இதற்கிடையில் வேறொரு வேறுபாடும் தெளிவாயிற்று. 1947இல் அமெரிக்க அறிஞர் சேர்ச்சில் ஐசன்ஹாட், விளைவுகள் இருவகையின என்று வரையறுத்தார். மூன்று பசளைகளை ஒப்பிடும்போது அம்மூன்றைப் பற்றியே அறிய விரும்புகின்றோம். ஆதலால் அவை நிலைத்த விளைவுகள். ஆயின் 20 பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து ஆராயும்போது அந்த இருபதும் நாட்டின் பல நூறு பாடசாலைகளுக்கு மாதிரிகளாகவே நிற்கின்றன. ஆதலால் அவை எழுமாற்று விளைவுகள். இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து வந்தால் அது கலப்பு மாதிரியுரு. நடைமுறை வாழ்வின் கேள்விகளிற் பெரும்பாலன இக்கலப்பு வகையையே சார்ந்தன.

கலப்பு மாதிரியுருவுக்கு வலுவான உருவம் கொடுத்தவர் ஒரு கால்நடை அறிஞர். சார்ல்ஸ் ஹெண்டர்சன் 1911இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் பிறந்தவர். கோர்னெல் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய அவர் முன்னின்ற பிரச்சினை இது. ஒரு காளையின் தரத்தை அதன் கன்றுகளாகிய பசுக்களின் பால் அளவைக் கொண்டே அறியவேண்டும். ஒரு காளைக்கு 500 பசுக்கள் உண்டு. மற்றொன்றுக்கு 5 பசுக்களே உண்டு. அந்த ஐந்தும் தற்செயலாக நன்றாகப் பால் சொரிந்தால், அக்காளையே சிறந்தது எனல் தகுமா? தகாது. சான்று குறைந்த காளையின் மதிப்பைப் பொதுச் சராசரியை நோக்கி ஓரளவு இழுத்தல் வேண்டும்; சான்று மிகுந்ததை அதன் சொந்தக் கணக்கிலேயே பெரும்பாலும் விடவேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதைச் சிதறல்களின் விகிதம் தீர்மானிக்கும். 1950ஆம் ஆண்டளவில் ஹெண்டர்சன் வகுத்த சமன்பாடுகள் நிலைத்த விளைவையும் எழுமாற்று விளைவையும் ஒருங்கே தீர்த்தன. 1970இல் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிற் காளைகளை ஒப்பிடுவதற்கு அம்முறை நடைமுறைக்கு வந்தது. பின்னர் பல நாடுகளும் அதனை மேற்கொண்டன.

இங்கேதான் பழைய வினா மீண்டும் தலையெடுத்தது. இழுக்கும் அளவைச் சிதறல்களின் விகிதம் தீர்மானிக்குமாயின், அந்த விகிதம் எல்லா மந்தைக்கும் ஒன்றுதானா? நன்றாகத் தீனி இட்டுப் பேணப்படும் மந்தைகளிற் பால் மிகுவது மட்டுமன்று. பசுவுக்குப் பசு உள்ள வேற்றுமையும் மிகுகின்றது. 1984இல் எடின்பரோ பல்கலைக்கழகத்து அறிஞர் வில்லியம் ஹில் இதன் விளைவை ஆராய்ந்தார். சிதறல் வேறுபட்ட கூட்டங்களிலிருந்து சிறந்தவற்றை ஒரே எல்லைக்கோடு இட்டுத் தெரிந்தெடுத்தால், தெரிவு பெறுபவை சிதறல் மிகுந்த கூட்டத்திலிருந்தே பெரும்பாலும் வந்துவிடும். அவை உண்மையிலே சிறந்தன என்பதனால் அன்று. அவற்றின் கூட்டத்திலே உயரமும் தாழ்வும் இயல்பாகவே பெரிதாகத் தோன்றுவதனால். வறிய தொழுவத்தில் நின்ற நல்ல பசு, தன் கூட்டத்தின் சிறு சிதறலுக்குள் அடங்கி, கண்ணுக்குப் படாமலே போய்விடும். சராசரியை மட்டும் திருத்தினால் இக்குறை தீராது. சிதறலையும் கூட்டந்தோறும் தனித்தனி மதித்தல் வேண்டும்.

சிதறலை மதிப்பதற்குரிய முறையும் இதற்குள் செம்மை பெற்றிருந்தது. 1967இல் ஹாட்லியும் ராவும் மிகையியல்தகவு முறையைக் கலப்பு மாதிரியுருவுக்குப் பொருத்தினர். அம்முறை சிதறலைச் சற்றுக் குறைத்தே மதிக்கும் இயல்புடையது. சராசரிகளை அறிவதற்காக ஏற்கெனவே செலவான தகவலை அது கழித்துப் பார்ப்பதில்லை. 1971இல் பற்றர்சனும் தொம்சனும் அச்செலவைக் கழித்துக் கணிக்கும் முறையொன்றை வகுத்தனர். அதே காலத்தில் தென்னிந்தியாவின் ஹடகலியிற் பிறந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்திலே புகழ்பெற்ற சி. ஆர். ராவ், பரம்பலின் வடிவத்தைப் பற்றி எடுகோள் கொள்ளாமலே சிதறற் கூறுகளை மதிக்கும் வழியொன்றைக் காட்டினார். 1920இற் பிறந்த அவர் 2023 வரை வாழ்ந்தார்.

இனி, இச்சரித்திரத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டுக்கு வருதல் தகும். 1964இல் வட கரோலினாவைச் சேர்ந்த பொத்தொவ், எஸ். என். ரோய் என்னும் இருவர், வளர்ச்சிக் கோடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பல்வைத்தியப் பகுதியிற் பெறப்பட்ட அளவுகளை அவர்கள் உதாரணமாகக் கொண்டனர். 11 சிறுமியரும் 16 சிறுவரும் 8, 10, 12, 14 ஆகிய நான்கு வயதுகளில் அளக்கப்பட்டனர். அளக்கப்பட்டது மண்டையின் அடியில் உள்ள கபச்சுரப்பியின் நடுவிலிருந்து மேற்றாடைக்குப் பின்னுள்ள ஓர் எலும்புப் பிளவு வரையுள்ள தூரம். பற்களையும் தாடையையும் சீர்ப்படுத்தும் வைத்தியருக்கு அது பயன்படும் அளவு.

சிறுமியரின் சராசரி 8 வயதில் 21.2 மில்லிமீற்றர், 14 வயதில் 24.1. சிறுவரின் சராசரி 8 வயதில் 22.9, 14 வயதில் 27.5. சிறுவர் தொடக்கத்திலும் சற்றுப் பெரியர். வளர்வதிலும் சற்று விரைவர். சிறுமியருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.48 மில்லிமீற்றரும் சிறுவருக்கு 0.78 மில்லிமீற்றரும் வளர்ச்சி உண்டு. சராசரி கூறும் கதை இவ்வளவே. பொத்தொவும் ரோயும் இரு பாலாருக்கும் சிதறலின் அமைப்பு ஒன்றே என்று கொண்டு கணக்கை முடித்தனர். அக்காலக் கணித வசதிக்கு அது இயல்பானதே.

ஆயின் அதே எண்களைப் பின்வந்தோர் உற்று நோக்கியபோது வேறு கதை வெளிப்பட்டது. சிறுமியருள் ஒருத்தியின் அளவுகள் 16.5, 19, 19, 19.5 என்று எப்போதும் தாழ்ந்தே நின்றன. மற்றொருத்தியின் அளவுகள் 24.5, 25, 28, 28 என்று எப்போதும் உயர்ந்தே நின்றன. ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் வேற்றுமை பெரிது. ஆயின் ஒவ்வொருத்தியும் தன் பாதையை விட்டு அதிகம் விலகவில்லை. சிறுவருள் ஒருவனின் அளவுகளோ 23, 20.5, 31, 26 என்று ஏறியிறங்கின. மற்றொருவன் 17 இலே தொடங்கி 29.5 இலே முடிந்தான். ஆகவே பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேற்றுமை ஒன்று. ஒரே பிள்ளையின் அளவுகள் தன் கோட்டைச் சுற்றிச் சிதறுவது வேறொன்று. முதலாவதிற் சிறுமியர் சிறுவருக்குக் குறைந்தவரல்லர். இரண்டாவதில், சிறுவரின் நியம விலகல் சிறுமியரின் நியம விலகலைப் போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று.

இதனால் வரும் பயன் யாது? ஒரு சிறுமியின் 8 வயது அளவை அறிந்தால், 14 வயதில் அவள் தன் தோழியரிடையே எங்கே நிற்பாள் என்பதை ஓரளவு உறுதியாகக் கூறலாம். சிறுவனைப் பற்றி அங்ஙனம் உறுதி கூற இயலாது. ஒரே பிள்ளையின் முன்னைய அளவுக்கும் பின்னைய அளவுக்கும் உள்ள இத்தொடர்பையே புள்ளிவிபரவியலார் இணைமாறற்றிறன் என்பர். அந்தத் தொடர்பின் அமைப்பு ஒரு பாலாருக்கு ஒருவகையாகவும் மறுபாலாருக்கு வேறுவகையாகவும் அமைந்திருந்தது. இரண்டையும் கலந்து ஒரே அமைப்பாகக் கொண்டால், சிறுமியரைப் பற்றிய முடிவிலே தேவையற்ற ஐயமும் சிறுவரைப் பற்றிய முடிவிலே தகாத உறுதியும் தோன்றிவிடும்.

இத்தகைய கணக்குகளுக்கு 1982இல் பெரியதோர் உதவி கிடைத்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான் லெயர்ட் என்னும் பெண் அறிஞரும் ஜேம்ஸ் வெயரும், காலந்தோறும் தொடர்ந்து அளக்கப்படும் மனிதரைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கலப்பு மாதிரியுருவை எளிமையுறப் பொருத்திக் காட்டினர். காற்று மாசுபடும் நாட்களிற் பாடசாலைச் சிறுவரின் சுவாச வலிமை குறைகின்றதோ என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று. ஒரு பிள்ளை ஒருநாள் வராவிட்டாலும் அப்பிள்ளையின் ஏனைய அளவுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. 1986இல் ஜென்றிச், சுளுக்டர் ஆகிய இருவர் சிதறலுக்குப் பல்வகை அமைப்புக்களை ஒப்பிட்டுத் தெரியும் முறையை விளக்கினர். அவர்களும் அந்தச் சிறுவர் சிறுமியரின் எண்களையே உதாரணமாக எடுத்தனர். 2000ஆம் ஆண்டில் பின்ஹெய்ரோ, பேற்ஸ் ஆகியோர் வெளியிட்ட நூல், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெவ்வேறு உட்சிதறலைக் கொடுத்துக் கணிக்கும் வழியைக் கணினியிற் செய்து காட்டியது. முன்னே மாதக்கணக்கில் எழுதிச் செய்யவேண்டிய கணக்கு இன்று சில கணங்களில் முடிகின்றது.

கணினி வந்தமையால் விவேகம் வேண்டாம் என்று எண்ணுதல் ஆகாது. வேற்றுமை காணும் இடத்தை அறிதல் முதற் கடமை. கூட்டத்தினர் தம்முள் வேறுபடும் அளவு கூட்டந்தோறும் மாறுகின்றதா? அல்லது ஒவ்வொருவருடைய அளவும் தன்னளவில் ஏறியிறங்குவது மாறுகின்றதா? இவ்விரண்டும் வேறு வேறு காரணங்களைச் சுட்டும். பின்னது அளக்கும் கருவியின் குறையாகவும் இருக்கலாம். அன்றியும், கேட்கப்படும் வினாக்கள் பெருகப் பெருக, விடை கூறவேண்டிய தரவுகள் போதாமற் போகும். நால்வர் ஐவரை உடைய கூட்டத்துக்குத் தனிச் சிதறல் ஒன்றைக் கணிக்க முயன்றால் கிடைப்பது அறிவன்று, ஊகமே. மேற்கூறிய பல்வைத்திய அளவுகளிலும், ஏறியிறங்கிய அந்த இரு சிறுவரையும் விலக்கிப் பார்த்தால் பாலாரிடையே உள்ள வேற்றுமை பெரிதும் குறைந்துவிடும். எனினும் முற்றாக மறைந்துவிடாது. கூட்டத்தின் குணம் எது, ஓரிருவரின் விசேடம் எது என்பதைப் பிரித்தறிவது ஆராய்வோனின் பொறுப்பு.

இலங்கையிலும் இவ்வினா வீட்டுக்கு வீடு அறியப்பட்ட ஒன்றாகும். பல்கலைக்கழக அனுமதிக்காக 2001ஆம் ஆண்டளவிற் புகுத்தப்பட்ட இசற் புள்ளி, ஒரு மாணவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. ஒரு பாடத்திற் புள்ளிகள் நெருங்கி நிற்கும். வேறொரு பாடத்தில் அகன்று சிதறும். ஆதலால் ஒன்றிற் பெற்ற 70ஐயும் மற்றதிற் பெற்ற 70ஐயும் சமமெனக் கொள்வது தகாது என்ற உணர்வே இதன் அடிப்படை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரு பாடங்களின் சிதறல் வேறுபடுவது வினாத்தாளின் தன்மையாலா, அப்பாடத்தை எடுத்த மாணவரின் தன்மையாலா என்பதை இப்புள்ளி தானாக உரைக்காது. சிதறலைச் சமப்படுத்துவது ஒரு செயல். அது ஏன் வேறுபட்டது என்று அறிவது வேறொரு செயல். முன்னதைக் கருவி செய்யும். பின்னதை மனிதரே செய்யவேண்டும்.

இந்த நீண்ட சரித்திரத்தை நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். அறிஞர் ஒவ்வொரு காலத்திலும் ஓர் எடுகோளைத் தளர்த்தியிருக்கின்றனர். எல்லா அளவீடும் ஒன்றே என்பதை எயரி தளர்த்தினார். காரணம் ஒன்றே என்பதைப் பிஷர் தளர்த்தினார். எல்லாக் காளைக்கும் சான்று ஒன்றே என்பதை ஹெண்டர்சன் தளர்த்தினார். எல்லாக் கூட்டத்துக்கும் சிதறல் ஒன்றே என்பதை அவர்களுக்குப் பின்வந்தோர் தளர்த்தினர். இவ்வாறு ஒவ்வோர் எடுகோள் விலகும்போதும், முன்பு பிழையாளன் என்றோ, வல்லவன் என்றோ அவசரமாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவரின் உண்மை நிலை சற்றுத் தெளிவாகின்றது. பொதுக் கணக்கில் ஒருவரைச் சேர்ப்பது எளிது. அவர் எந்தக் கூட்டத்தில் நின்று, எவ்வளவு சிதறலின் நடுவே தம் இடத்தைப் பெற்றார் என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வியைக் கேட்டபின் வழங்கப்படும் தீர்ப்பே நடுநிலை என்னும் பெயருக்கு உரியது.